மதில் தாங்குமா?

கடைக்காரர்: செத்துப் போச்சுக்கா. சொன்னா நம்புங்க. புதைச்ச எடத்துல புல்லே முளைச்சாச்சு.

டிரைவர்: யார் சொன்னா?

கடைக்காரர்: ஊரே சொல்லுது.

டிரைவர்: ஊர் என்ன வேணா சொல்லும். விளையாட்டுக் கார்டுக் கடை வச்சிருக்கிறவன் நீ. நீ சொல்லு.

கடைக்காரர்: நானும் அதேதான் சொல்றேன். இந்த மதில் கார்டுக் கட்டு இனிமே தாங்காது. புதுக் கார்டு வந்ததுலேர்ந்து அதை யாரும் கையால தொடறதில்ல. நாளைக்குப் போட்டியில அதை எடுத்துட்டுப் போய் உக்காந்தீங்கன்னா...

டிரைவர்: உக்காந்தா?

கடைக்காரர்: நாற்காலி சூடாகறதுக்குள்ள எழுந்து வந்துடுவீங்க.

டிரைவர்: வந்தா வந்துட்டுப் போறேன். பஸ்ஸா ஓட்டப் போறேன், வழியில நின்னா ஜனங்க திட்டறதுக்கு?

கடைக்காரர்: சரி, அது இருக்கட்டும்... இன்னிக்கு என்ன, இந்த நேரத்துக்கே வந்துட்டீங்க? டிப்போவுல வேலை இல்லையா?

டிரைவர்: கண் டாக்டரைப் பாக்கணும்னு பாதி நாள் லீவு.

கடைக்காரர்: கண்ணுக்கு என்ன?

டிரைவர்: ஒண்ணுமில்ல, நல்லாத்தான் தெரியுதாம். இப்பக்கூட நீ கார்டுக்குத் தலைகீழா கவர் போடறது தெரியுது.

கடைக்காரர்: இது தலைகீழ் இல்லக்கா. கவரோட வாய் மேல இருந்தா தூசி உள்ள போகும். கீழ இருந்தா போகாது.

டிரைவர்: உலகம் பூரா வாயை மேல வச்சுத்தான் கார்டைச் சொருகறாங்க.

கடைக்காரர்: உலகம் பூரா தூசி தின்னுது. நான் என்ன பண்ண?

டிரைவர்: அதை ஓரமா வை. ஒரு ஆட்டம் போடலாம். மதில் தாங்குமா தாங்காதான்னு இப்பவே தெரிஞ்சுடும்.

கடைக்காரர்: நானா? நான் ஆடறதை விட்டாச்சுக்கா, தெரியாதா உங்களுக்கு? விக்கறதோட சரி.

டிரைவர்: விக்கறவன் ஆடக்கூடாதுன்னு சட்டமா? எடு. என் மதில் கட்டை நீ வச்சுக்கோ. அந்தக் கண்ணாடி அலமாரியில அழகுக்கு வச்சிருக்கியே, புதுக் கார்டுப் புயல் கட்டு, அதை என்கிட்ட குடு.

கடைக்காரர்: மாத்திச் சொல்றீங்க. மதில் உங்களோடது. நீங்கதானே அதை ஆடணும்?

டிரைவர்: நான் ஆடித் தோத்தா எனக்கு ஆடத் தெரியலன்னு சொல்லிடுவ. நீ ஆடித் தோத்தா, கார்டுதான் சரியில்லன்னு ஒத்துக்கறேன். நாளைக்கு அதைத் தொடவே மாட்டேன்.

கடைக்காரர்: ஜெயிச்சா?

டிரைவர்: ஜெயிச்சா அந்தக் கட்டு நாளைக்குப் போட்டிக்குப் போகுது. அவ்வளவுதான்.

கடைக்காரர்: ...சரி. ஒரே ஒரு ஆட்டம்.

டிரைவர்: ஏன் அதை அப்படிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? தேள் கொட்டிடுமா?

கடைக்காரர்: இல்ல... ரொம்ப வழுவழுன்னு ஆயிடுச்சு. நல்லா ஆடியிருக்கீங்க.

டிரைவர்: ஆடினேன். கார்டைக் கலை, கலை.

கடைக்காரர்: நீங்க கலைக்கிறதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கை நல்லா ஓடுதேக்கா!

டிரைவர்: ஏன், முன்னாடி ஓடலியா?

கடைக்காரர்: முதமுதல்ல இங்க வந்தப்போ நீங்க கார்டு கலைச்சா தடதடன்னு மேஜையே ஆடும்.

டிரைவர்: நீ ஏசியை அப்படி வச்சிருந்த.

கடைக்காரர்: ஏசியா? இந்தக் கடையிலயா?

டிரைவர்: ...ஃபேன் வேகமா வச்சிருந்த. ஆட்டத்தைப் பாரு. என் முறை. குதிரை. இறங்கினதும் எனக்கு ரெண்டு கார்டு.

கடைக்காரர்: எடுங்க எடுங்க. புதுக் கார்டெல்லாம் வாரி வாரிக் குடுக்கும். நான் ஒரு மதில் வைக்கிறேன். என் முறை முடிஞ்சுது.

டிரைவர்: அவ்வளவுதானா?

கடைக்காரர்: அவ்வளவுதான்கா இந்தக் கட்டு. மதில் வை, உக்காரு. அடிபட்டா ஊற்று வச்சு ஆத்திக்கோ, மறுபடி உக்காரு. எதிர்ல இருக்கிறவனோட கட்டு தீர்ற வரைக்கும் உக்காந்தே இரு. எடுக்கக் கார்டு இல்லாதவன் தோத்தான். ஒரு காலத்துல இதுக்குப் பேரு ஆட்டம்.

டிரைவர்: இப்ப?

கடைக்காரர்: இப்ப இதுக்குப் பேரு தூக்கம்.

டிரைவர்: தூங்கு, தூங்கு. இன்னொரு குதிரை. இன்னும் ரெண்டு கார்டு. ரெண்டு குதிரையும் சேந்து மதிலை முட்டுது.

கடைக்காரர்: மதில் போச்சு. காவலாளியை இறக்கறேன்.

டிரைவர்: இப்பவே ஏன் அவனை இறக்குற?

கடைக்காரர்: ஏதோ ஒண்ணு இறக்கணுமே.

டிரைவர்: தம்பி, இங்க பாரு. நான் பஸ் ஓட்டினவ. பின் சீட்டுல எவன் நெஜமாத் தூங்கறான், எவன் டிக்கெட்டுக்குப் பயந்து தூங்கற மாதிரி நடிக்கறான்னு முன்னாடி கண்ணாடியிலயே தெரியும் எனக்கு. தோக்கறதுக்குன்னே ஆடாத.

கடைக்காரர்: யார் அப்படி ஆடறது?

டிரைவர்: நீதான். ஒழுங்கா ஆடு. நாளைக்கு நான் பத்துப் பேர் முன்னாடி அவமானப்படக் கூடாதுன்னா, இன்னிக்கு இந்தக் கட்டோட முழு பலத்தையும் காட்டு. இல்ல, முடியலன்னு காட்டு. ரெண்டுல ஒண்ணு.

கடைக்காரர்: ...காவலாளியைத் திரும்பக் கையில எடுத்துக்கலாமா? அவனுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் மதில் வைக்கிறேன்.

டிரைவர்: வச்ச கார்டை எடுக்கற பழக்கம் எங்கிட்ட இல்ல. ஆனா எடுத்துக்கோ, இந்த ஒரு தடவை.

மனைவி: என்னங்க! மேல வந்து சாப்பிடறீங்களா, இல்ல கீழயே கார்டைத் தின்னுக்கறீங்களா?

கடைக்காரர்: இதோ வரேன்!

மனைவி: யாரு, அக்காவா வந்திருக்காங்க?

டிரைவர்: நான்தான்மா! உன் வீட்டுக்காரரை ஆட உக்கார வச்சிருக்கேன்!

மனைவி: ...நெஜமாவா? அப்ப சாப்பாடு ஆறினா ஆறட்டும். மெதுவா வாங்க!

கடைக்காரர்: என்ன இவ... தெனமும் மாடியிலேர்ந்து கத்தறவ, இன்னிக்கு மெதுவா வாங்கங்கறா?

டிரைவர்: நல்ல மனசு. அதுக்கும் சந்தேகமா? குதிரை மறுபடி முட்டுது.

கடைக்காரர்: இந்தப் பக்க மதில்ல முட்டுது. சரி. அந்தப் பக்கம் ஊற்று. உயிர் கொஞ்சம் ஏறுது. இப்பக் காவலாளி, மதிலுக்குப் பின்னால.

டிரைவர்: அட! அங்க வச்சா என் குதிரை அவனைத் தொடவே முடியாதே.

கடைக்காரர்: முடியாது. குண்டுச் சட்டிக்குள்ள ஓட்டிக்க வேண்டியதுதான்.

டிரைவர்: வாய் வந்துடுச்சு பாரு! தீ போடறேன். எல்லாத்துக்கும் ஒரு அடி. எனக்கு இன்னும் மூணு கார்டு.

கடைக்காரர்: ஆத்திக்கறேன். மதில்.

டிரைவர்: இன்னொரு குதிரை. இன்னும் ரெண்டு...

கடைக்காரர்: மதில்.

டிரைவர்: நாளைக்கு வர்ற பசங்க எல்லாரும் இப்படித்தான் ஆடுவாங்களாமே? இதைவிட வேகமா...

கடைக்காரர்: பேசாதீங்கக்கா. யோசிக்கறேன்.

டிரைவர்: ஓ... பேசாதீங்களா? சரிங்க. வாயை மூடிக்கறேன்.

கடைக்காரர்: ...

டிரைவர்: தூங்கிட்டியா?

கடைக்காரர்: எண்ணிக்கிட்டிருக்கேன். மதில். உங்க முறை.

டிரைவர்: அப்ப இதை வாங்கிக்கோ. குதிரை எல்லாத்தையும் விட்டுக் குடுத்துட்டு, துளைப்பானை இறக்கறேன். ஒண்ணில்ல, ரெண்டு துளைப்பான். அதுக்கும் கார்டு குடுக்குது பாரு... கட்டுல இருந்த கடைசி ரெண்டையும் எடுத்தாச்சு.

கடைக்காரர்: ...வந்துடுச்சா.

டிரைவர்: என்ன, முகம் இப்படி ஆயிடுச்சு?

கடைக்காரர்: இதாலதான்கா...

டிரைவர்: இதால என்ன?

கடைக்காரர்: ஒண்ணுமில்ல. இந்தக் கார்டு வந்தன்னிக்குத்தான் மதில் செத்துது. மதில் எத்தனை இருக்கோ அத்தனை மடங்கு அடி. நல்லாக் கட்டக் கட்ட, நல்லா அடி விழும். கட்டினவனுக்கே குழி. அன்னிக்கு அந்த மண்டபத்துல எல்லாரும் சிரிச்...

டிரைவர்: எந்த மண்டபத்துல?

கடைக்காரர்: யாரோ சொன்னாங்க. எங்கேயோ. எவனோ ஒருத்தன் மதிலை அடுக்கி வச்சுக்கிட்டு ஜெயிச்சுட்டோம்னு உக்காந்திருந்தானாம், பாவம்.

டிரைவர்: பாவந்தான். அடுத்த முறை நான் அடிப்பேன். உன் கதை முடிஞ்சுது. ஏதாவது பண்ணணும்னா இப்பப் பண்ணு. இல்ல, ஒத்துக்கறியா? தாங்கலன்னு?

கடைக்காரர்: இருங்க. இருங்கக்கா... அந்தக் கார்டைக் குடுங்க, படிக்கணும்.

டிரைவர்: நீ படிக்காத கார்டா?

கடைக்காரர்: அன்னிக்குப் படிக்கல... பதட்டத்துல... 'எதிரே மதில் இருந்தால் மட்டும் அடிக்கும்.' இருந்தால் மட்டும்!

டிரைவர்: அதுக்கென்ன?

கடைக்காரர்: தேடல் கார்டு போடறேன்.

டிரைவர்: சரி, உன் கட்டுலேர்ந்து எது வேணாலும் எடுத்துக்கலாம். நிதானமாத் தேடு, எனக்கு அவசரமில்ல.

கடைக்காரர்: தேட வேண்டாம். இடிபாடு. அதான் வேணும். இங்கதான் எங்கேயாவது... இதோ!

டிரைவர்: இடிபாடா?

கடைக்காரர்: என் மதில் எல்லாத்தையும் நானே இடிச்சுக்கறேன். எல்லாம் போச்சு. தரை மட்டம். இப்ப அடிங்க பாக்கலாம்!

டிரைவர்: துளைப்பான் அடிக்குது.

கடைக்காரர்: எதை? மதிலே இல்லியே! மதில் இல்லாத எடத்துல அது வெறும் பொம்மை. குதிரையெல்லாம் குடுத்துட்டீங்க. கையில என்ன இருக்கு?

டிரைவர்: ரெண்டு தீ... போட முடியாது. குதிரை இருந்தாத்தான் தீ.

கடைக்காரர்: அப்ப முதல்ல கட்டுலேர்ந்து கார்டு எடுங்க. முறை ஆரம்பிக்கணும்ல?

டிரைவர்: எடுக்க இல்ல தம்பி.

கடைக்காரர்: நல்லாப் பாருங்க.

டிரைவர்: பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. தோத்துட்டேன்.

கடைக்காரர்: அக்கா... தாங்குதுக்கா! மதில் தாங்குது! ஐயோ, எத்தனை நாளா முட்டாளா இருந்திருக்கேன்! அவன் வேகமா வர்றான்னு பயந்தோமே தவிர, அந்த வேகத்துக்கு அவன் கட்டும் வேகமாத் தீருதுன்னு யோசிக்கவே இல்ல. பழைய ஆளுங்க ஒவ்வொரு கார்டா எடுப்பாங்க, நாம மணிக்கணக்கா உக்காரணும். இவன் அள்ளி அள்ளி எடுக்கறான்! அப்பவிட இப்பத்தான்கா இது நல்லா வேலை செய்யும்!

டிரைவர்: பதறாத காரியம் சிதறாது.

கடைக்காரர்: ஒரே விஷயம், துளைப்பான் வர்ற வரைக்கும் பொறுத்திருந்து இடிக்கணும். முன்னாடியே இடிச்சா குதிரை மிதிச்சுடும். நாளைக்கு நீங்க அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா...

டிரைவர்: ஒண்ணு கேக்கட்டுமா?

கடைக்காரர்: கேளுங்க, கேளுங்க.

டிரைவர்: இடிபாடு அந்தக் கட்டுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? என் கட்டு. நீ இன்னிக்குத்தான் கையில எடுத்த. உள்ள என்ன இருக்குன்னு பாக்காமயே கேட்ட.

கடைக்காரர்: அது... மதில் கட்டுன்னா பொதுவா இருக்கும்.

டிரைவர்: இருக்காது. வெத்துக் கார்டு, சொந்த மதிலை எவனாவது இடிப்பானான்னு எல்லாருமே சிரிப்பாங்க. நானே ஒருநாள் அதைத் தூக்கிப் போடப் போனேன். 'கெடக்கட்டும்கா, ஒரு மூலையில அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்'னு சொன்னது யாரு?

கடைக்காரர்: சொன்னேனா?

டிரைவர்: சொன்ன. எனக்கு அன்னிக்கும் ஆச்சரியமா இல்ல. வாங்கின வாரமே தெரியும் எனக்கு, அது உன் கட்டுன்னு.

கடைக்காரர்: என்னக்கா சொல்றீங்க!

டிரைவர்: எடுத்துப் பாரு. கவரோட வாய் எந்தப் பக்கம் இருக்கு?

கடைக்காரர்: ...கீழ.

டிரைவர்: எல்லாத்துக்கும். ஒண்ணு விடாம. உலகத்துல தூசிக்குப் பயந்தவன் நீ ஒருத்தன்தானே?

கடைக்காரர்: இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியே...

டிரைவர்: நீ மறைச்ச. மறைக்கணும்னு உனக்கு ஏதோ இருந்திருக்கு. நான் எதுக்குக் கிளறணும்? நீயும்தான் என்னை ஒரு வார்த்தை கேக்கல.

கடைக்காரர்: நான் என்ன கேக்கணும்?

டிரைவர்: தெரியாத மாதிரி பேசாத. காக்கிச் சட்டை போட்டுக்கிட்டு, டிபன் பாக்ஸோட, வேலை நேரத்துல ஒருத்தி வந்து உன் கடையில உக்காந்திருக்கா. எதிர்ல பஸ் ஸ்டாப்பு. அங்க அவ ஓட்டிட்டு வந்த பஸ் நிக்கல.

கடைக்காரர்: ...நிக்கல. முதல் நாளே பாத்தேன்.

டிரைவர்: வீட்டுல வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்து உக்காருவேன். மழையில ஒரு சைக்கிள்காரர் என் பஸ்ஸுக்குக் குறுக்க வந்துட்டார்... என் மேல தப்பில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அவருக்கு ஒடஞ்ச கால் கூடிடுச்சு. எனக்குத்தான் கை கூடல. ஸ்டீயரிங்கைத் தொட்டா நடுங்கும். அப்புறம் டிப்போவுல பாவம் பாத்து, மத்தவங்க ஓட்டற வண்டிச் சாவியை ஆணியில மாட்டி வைக்கிற வேலை குடுத்தாங்க. அதுவரைக்கும் எனக்கு இந்த மேஜைதான்.

கடைக்காரர்: கேட்டா வராம போயிடுவீங்கன்னுதான்கா கேக்கல.

டிரைவர்: தெரியும். அதுக்குத்தான் இன்னிக்கு வந்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை இருக்கு, அதை நான் உங்கிட்ட சொன்னதே இல்ல. இந்தக் கட்டுல சீக்கிரம் தோக்கவும் முடியாது, சீக்கிரம் ஜெயிக்கவும் முடியாது. உக்காந்துதான் ஆகணும். உக்காந்து உக்காந்துதான் எனக்குக் கை அடங்குச்சு. உன்னாலதான் தம்பி. நல்லா இருப்ப.

கடைக்காரர்: அய்யோ, அதெல்லாம் வேண்டாம்கா... நான் வேணும்னு உங்களுக்குக் குடுத்ததுன்னு நெனைக்காதீங்க. அப்படி நல்லவன் இல்ல நான். அந்த மண்டபத்துல தோத்த கோவத்துல தள்ளுபடிப் பெட்டியில வீசினேன். நீங்க அதைப் போய் எடுத்தீங்க.

மனைவி: முழுசாச் சொல்லுங்க!

கடைக்காரர்: நீ எப்ப கீழ வந்த?

மனைவி: கதவுக்குப் பின்னாடி நின்னு கால் மரத்துப் போச்சு. அக்கா, இவர் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். அந்தப் பெட்டியில கட்டை வீசின அன்னிக்கே 'கடை வாடகைக்கு'ன்னு போர்டும் எழுதிட்டார். சாயங்காலம் வாசல்ல மாட்டணும். போர்டும் கையுமா நிக்கறார், நீங்க நுழையறீங்க.

கடைக்காரர்: போதும்மா...

மனைவி: அதை வாங்கிட்டு, 'நாளைக்கு வரேன், எப்படி ஆடறதுன்னு சொல்லிக் குடுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. நாளைக்கு வரேன்னு ஒருத்தங்க சொன்னப்புறம் எப்படி மூடறதுன்னு கேட்டார். மறுநாள் வந்தீங்க. அன்னிக்கும் 'நாளைக்கு வரேன்'னுட்டுப் போனீங்க. அந்த போர்டு இன்னும் கட்டிலுக்கு அடியில கெடக்கு.

டிரைவர்: ...அடப்பாவி. இதை எங்கிட்ட சொல்லலியே நீ.

கடைக்காரர்: எப்படிச் சொல்றது? நீங்க எங்கிட்ட ஒதுங்க வந்தீங்க. உங்ககிட்டதான் நான் ஒதுங்கியிருக்கேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நான்தான்கா உங்களுக்கு நன்றி சொல்லணும். தெனமும் ஷட்டரைத் தூக்கும்போது சொல்லிக்குவேன், மனசுக்குள்ள.

டிரைவர்: மனசுக்குள்ள சொன்னது எனக்கு எங்க கேக்கும்?

கடைக்காரர்: இப்பக் கேட்டுச்சுல்ல?

டிரைவர்: கேட்டுச்சு. சரி, கண்ணைத் துடை. கட்டு ஜெயிச்சுது. நாளைக்குப் போட்டிக்குப் போகுது. பேச்சு பேச்சுதான்.

கடைக்காரர்: போயிட்டு வாங்கக்கா. துளைப்பான் வந்தா என்ன பண்ணணும்னு...

டிரைவர்: நான் போகல.

கடைக்காரர்: என்னது?

டிரைவர்: உன் பேரைக் குடுத்தாச்சு.

கடைக்காரர்: யார் குடுத்தது?

மனைவி: நாந்தான். போன வாரமே. அக்கா சொன்னாங்க, நான் போய்க் குடுத்தேன்.

கடைக்காரர்: ரெண்டு பேரும் கூட்டா! ஐயையோ, என்னால முடியாது. அதே மண்டபம், அதே ஆளுங்க...

மனைவி: யானைக்கும் அடி சறுக்கும். அதுக்குன்னு யானை காட்டை விட்டே ஓடிடுச்சா?

கடைக்காரர்: நீ சும்மா இரு. அக்கா, நீங்களாவது கூட வாங்க. பக்கத்துல நீங்க இருந்தா உக்காருவேன். ஒரு நாள்தானே, சாவி மாட்டறதுக்கு வேற ஆள் இல்லையா?

டிரைவர்: நாளைக்கு சாவி மாட்டற வேலை இல்லை எனக்கு.

கடைக்காரர்: பின்ன?

டிரைவர்: கண் டாக்டர்கிட்ட எதுக்குப் போனேன்னு நெனைச்ச? கண்ணும் பாத்துட்டாங்க, ஓட்டச் சொல்லியும் பாத்துட்டாங்க. வண்டி குடுத்துட்டாங்க தம்பி. நாளைக்குக் காலையில முதல் வண்டி. இந்த வாசல்ல நிக்கும். மண்டபத்து வாசல்லயும் நிக்கும். எனக்குப் பின்னாடி முதல் சீட்டு உனக்கு.

கடைக்காரர்: அக்கா!... நெஜமாவா?... அவ்வளவு ஜனத்தை ஏத்திக்கிட்டு... உங்களுக்கு பயமா இல்லையா?

டிரைவர்: இருக்கு. அதான் உன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன்.